காலை ஆறு மணிக் குரல் யாருக்குச் சொந்தம்?

குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதி, ஒப்பந்த நகலையும் சில வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் கூடவே அனுப்பியிருக்கிறார். அவருடைய பெயரையும் நிலையத்தின் பெயரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வயது 34. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. பள்ளி நாட்களில் சர்ச் கொயரில் கிட்டார் வாசித்தவர். ராக் இசைப் பைத்தியம் அங்கேதான் பிடித்தது. 2014 ஜூனில் பக்கத்து மாவட்டத்தில் ஒரு தனியார் எஃப்.எம்.மில் ஆர்ஜேயாகச் சேர்ந்தார். எட்டு வருடமாகக் காலை ஆறு முதல் பத்து வரையிலான நிகழ்ச்சி அவருடையது. ஞாயிறு இரவு ஒரு மணி நேரத்தை ராக் பாடல்களுக்கென்று கெஞ்சி வாங்கி, அதையும் தனியாக நடத்திவந்தார். முதல் நாலு வருடம் ஏழு மாதம் சம்பளப் பட்டியலில் இருந்தார். 2019 ஜனவரியில் அவரை 'ஆலோசகர்' ஆக்கி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதை வருடா வருடம் புதுப்பிக்கிறார்கள். இப்போதையது வரும் மார்ச் 31 வரை. மாதம் 45,000 ரூபாய் பேச்சு. வங்கியில் ஏறுவது 40,500.

போன வாரம் அவரைக் கூப்பிட்டு, அடுத்த மாதம் முதல் காலை நிகழ்ச்சி சென்னையிலிருந்தே எல்லா ஊர்களுக்கும் போகும் என்று சொல்லி, ஒரு கடிதத்தை நீட்டியிருக்கிறார்கள். தானாகவே விலகுவதாக அதில் அவர் எழுதித் தர வேண்டும். தனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வருடத்துக்குத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எந்த ஒலி நிகழ்ச்சியும் செய்யக் கூடாது. ரேடியோவில் வைத்திருந்த பெயரும், பழைய பதிவுகளும், 'இப்போதுள்ள, இனி வரப்போகும் எந்தத் தொழில்நுட்பத்திலும்' அவருடைய குரலும் நிலையத்துக்கே சொந்தம். இத்தனைக்கும் பதிலாக 90,000 ரூபாய்.

"அமெரிக்காவில் ராக் ஸ்டேஷன் காலை நிகழ்ச்சிக்காரர்கள் வேலை மாறினால் ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டும் என்று படித்திருக்கிறேன். நமக்கும் அதுதானா அக்கா? கேஸ் போட்டால் லட்சக்கணக்கில் கிடைக்கும் என்கிறான் மச்சான். நான் குமரிக்கென்று இணையத்தில் ஒரு ராக் காலை நிகழ்ச்சி தொடங்க நினைக்கிறேன். தொடங்கினால் என்னைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களா?" என்று கேட்டு முடித்திருக்கிறார். மனைவி தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வீட்டுக் கடன் இருக்கிறது.

தம்பி, அக்கா என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த முறையிலேயே பேசுகிறேன். முதலில் ஒன்று: அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரப்படுத்தினால், "வக்கீலிடம் காட்டிவிட்டுப் பதில் தருகிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். நேரில் சொன்னது காற்றோடு போய்விடும். மின்னஞ்சலுக்குத் தேதி இருக்கும்.

அந்த 90,000 ரூபாயைப் பெரிய மனதோடு தருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தின் பதினோராவது பிரிவை இன்னொரு முறை படியுங்கள். எந்தத் தரப்பு விலக்கினாலும் இரண்டு மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்கு ஈடான தொகை என்று இருக்கிறது. 45,000 இரண்டு தடவை எவ்வளவு? அதே 90,000. ஏற்கெனவே உங்களுக்குத் தர வேண்டிய பணத்தைக் காட்டி, இரண்டு வருட வாழ்க்கையையும் குரலையும் எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். "தானாக விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த முன்னறிவிப்புத் தொகையைக் கேட்கும் பிடியும் தளர்ந்துவிடும். விலகுவது நீங்கள் இல்லை, விலக்குவது அவர்கள். எந்தக் கடிதத்திலும் இந்த ஒரு விஷயத்தில் வார்த்தை பிசகக் கூடாது.

நீங்கள் ஊழியரா, ஆலோசகரா?

உங்கள் விவகாரத்தின் உயிர்நாடி இதுதான். மாதாமாதம் பிடிக்கிற 4,500 ரூபாய் பி.எஃப். கணக்குக்குப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். போகவில்லை தம்பி. ஊழியருக்குச் சம்பளத்திலிருந்து பி.எஃப்.புக்குப் பிடிப்பது 12 சதவீதம், முதலாளியும் அதே 12 சதவீதம் போட வேண்டும். உங்களிடம் பிடிப்பது சரியாகப் பத்து சதவீதம். அது தொழில்முறைக் கட்டணத்துக்குப் பிடிக்கிற வருமான வரி. உங்களுக்கு 2019 முதல் கிடைக்கிற தாள் படிவம் 16 இல்லை, 16ஏ என்பதைப் பாருங்கள். சம்பளக்காரருக்குத் தருவது 16, மற்றவர்களுக்கு 16ஏ. அந்த ஒரு எழுத்தில் உங்கள் ஏழு வருடம் மாறிப்போயிருக்கிறது.

ரிட்டர்ன் தாக்கல் செய்ததாக நீங்கள் எங்கேயும் சொல்லவில்லை. செய்யவில்லை என்றால், இந்த வாரமே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். வருடத்துக்கு 54,000 பிடித்திருக்கிறார்கள். உங்கள் வருமானத்துக்கு அதில் பெரும் பகுதி, சில வருடங்களில் முழுவதுமே, திரும்பக் கிடைத்திருக்க வாய்ப்புண்டு. பழைய வருடங்களுக்குக் காலம் கடந்திருக்கும். கடக்காத வருடத்தையாவது விடாதீர்கள்.

சரி, தாளில் 'ஆலோசகர்' என்று எழுதிவிட்டால் ஆலோசகர் ஆகிவிடுவோமா? நீதிமன்றம் அப்படிப் பார்ப்பதில்லை. வேலையை யார் கட்டுப்படுத்துகிறார்கள், நேரத்தை யார் வைக்கிறார்கள், கருவிகள் யாருடையவை, வேறு இடத்தில் வேலை செய்யும் சுதந்திரம் உண்டா, அந்த நிறுவனத்தின் அன்றாட ஓட்டத்தில் இந்த ஆள் ஒரு அங்கமா என்று பல கோணத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத் தொழிலாளர் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒற்றை அளவுகோல் கிடையாது.

நீங்கள் அனுப்பியதில் ஒரு ஸ்கிரீன்ஷாட் என்னை நிறுத்திவிட்டது. இரவு 11.20க்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டிருக்கிறீர்கள். பதில்: "மாற்று ஆள் இல்ல. 5.30க்கு பஞ்ச் ஆகியிருக்கணும்." அதற்கு நீங்கள் போட்டது ஒரு கட்டைவிரல். ஆலோசகர் எவரும் பஞ்ச் பண்ணுவதில்லை. லீவுக்கு அனுமதி கேட்பதில்லை. வாராவாரம் வந்த ஷிஃப்ட் பட்டியல், "லிங்க் (பாட்டுகளுக்கு நடுவே பேசுவது) ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது" என்ற உத்தரவு, வேறு எங்கும் குரல் கொடுக்கக் கூடாது என்ற பிரிவு, எல்லாம் ஒரே பக்கம்தான் சாய்கின்றன. அந்த ஃபோனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், அரட்டையை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை விட அது இருக்கிற கருவிக்கு நீதிமன்றத்தில் மதிப்பு அதிகம்.

நீங்கள் ஊழியர்தான் என்று நிலைநாட்ட முடிந்தால் என்ன கிடைக்கும்? பி.எஃப்.பில் ஒரு முறை உறுப்பினர் ஆனவர், சம்பளம் 15,000 ரூபாய் வரம்பைத் தாண்டினாலும், ஊழியராக இருக்கும்வரை உறுப்பினர்தான். 2019இல் நிறுத்தியது தவறு என்று நாகர்கோவில் பி.எஃப். அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். உங்கள் நிலையம் எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே அனுப்பி விசாரிப்பார்கள்.

அடுத்தது கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. ஐந்து வருடம் நிறைவு என்பது பழைய சட்டத்தின் பொது விதி. உங்களை நாலு வருடம் ஏழு மாதத்தில் மாற்றியிருக்கிறார்கள், அந்தத் தேதியைக் கவனித்தீர்களா? வேலை தொடர்ச்சியானது என்று ஏற்றுக்கொண்டால் பதினோரு வருடக் கணக்கு வரும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். அடிப்படை 26,000 என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 15,000. பதினோரு வருடத்துக்கு 1,65,000. நாலு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபின், குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கப்படும் ஊழியருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உரிமை வந்திருக்கிறது. உங்கள் மாதிரி வருடா வருடம் புதுப்பிக்கப்படுகிறவர்களுக்கு இது இன்னொரு வாதம். ஆனால் அதற்கும் முதலில் 'ஊழியர்' என்ற படியில் ஏறியாக வேண்டும்.

மச்சான் சொன்ன 'லட்சக்கணக்கில்' என்பதை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். முன்னறிவிப்புத் தொகை, கிராஜுவிட்டி, பி.எஃப். பாக்கி சேர்ந்தால் மூன்று லட்சத்தை ஒட்டி வரலாம், அதற்கு மேலும் வரலாம். வேலையைத் திரும்ப வாங்கித் தரும் வழக்கு வேறு. கற்பனையும் கலையும் சார்ந்த வேலை செய்பவர் தொழிலாளர் சட்டத்தின்படி 'தொழிலாளி' ஆவாரா என்பதிலேயே எதிர்த்தரப்பு வருடக்கணக்கில் மல்லுக்கு நிற்கும். அந்தச் சண்டைக்குள் உங்கள் முப்பதுகளைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம் என்பது என் கருத்து. பணப் பாக்கியை விடாமல் கேளுங்கள். பணம் கேட்டுப் போடும் சிவில் வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடக் கெடு உண்டு, அதை மனதில் வையுங்கள்.

இரண்டு வருடம் வாயைத் திறக்கக் கூடாதா?

அமெரிக்கா பற்றி நீங்கள் படித்தது பாதி உண்மை. அங்கே 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுக்க எத்தனை வானொலி வைத்திருக்கலாம் என்ற வரம்பை எடுத்துவிட்டது. அப்புறம் பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் நிலையங்களை வாங்கின. ஓர் ஊரில் பேசிப் பதிவு செய்த குரல் இருபது ஊரில் உள்ளூர்க் குரல் போல ஒலித்தது. உங்களுக்கு இப்போது நடப்பது அங்கே அப்போதே நடந்ததுதான். வேலை மாறினால் சும்மா இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கே சகஜமாக இருந்தது. ஆனால் ஒலிபரப்புத் துறையில் அந்த நிபந்தனையை மாசசூசெட்ஸ் மாநிலம் 1998இலும் நியூயார்க் 2008இலும் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டன. கலிஃபோர்னியாவில் எந்தத் தொழிலுக்குமே அது செல்லாது.

இங்கே நமக்கு அவ்வளவு காத்திருப்பு தேவைப்படவில்லை. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27: ஒருவர் சட்டப்படியான தொழில் எதையும் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், தடுக்கிற அளவுக்குச் செல்லாது. வேலை முடிந்தபிறகும் நீடிக்கிற தடையை 1980இல் கிருஷன் முர்கை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானை ஒரு விளம்பர நிறுவனம் ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் கட்டிப்போடப் பார்த்தபோது, 2006இல் உச்ச நீதிமன்றம் அதே பதிலைத்தான் சொன்னது. ஆகவே இரண்டு வருடம், இரண்டு மாநிலம் என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம்.

ஆனால் ஒன்று. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போது வேறு எங்கும் வேலை செய்யாதே என்று கட்டுப்படுத்தலாம். அது செல்லும் என்று 1967லேயே தீர்ப்பு இருக்கிறது. உங்கள் ஒப்பந்தம் மார்ச் 31 வரை. அவர்கள் எழுத்தில் விலக்கும்வரை, அல்லது அந்தத் தேதி தாண்டும்வரை, இணையத்தில் ஒரு நிமிடம்கூட ஒலிபரப்பாதீர்கள். "விரைவில் வருகிறேன்" என்று உங்கள் முகத்தை வைத்து போஸ்டர் போடுவதும் வேண்டாம். ஆர்வத்தில் நீங்களே ஒரு மீறலைக் கையில் எடுத்துக் கொடுத்தால், இதுவரை சொன்ன பலமெல்லாம் வீணாகிவிடும்.

நீங்கள் தொடங்கப்போவது தெரிந்து, உங்களைக் கேட்காமலேயே அவர்கள் இடைக்காலத் தடை வாங்கப் பார்க்கலாம். அதற்குத்தான் கேவியட் மனு, என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று நீதிமன்றத்தில் முன்கூட்டியே கொடுத்து வைப்பது. உங்கள் ஒப்பந்தத்தில் வழக்கு சென்னையில்தான் என்று எழுதியிருப்பதால் அங்கே ஒன்று, அந்த நிலையம் இருக்கிற ஊரில் ஒன்று போட்டு வையுங்கள். 90 நாள் செல்லும். செலவும் அதிகம் ஆகாது.

பெயர், பதிவு, குரல்

இந்த மூன்றையும் நீங்கள் ஒன்றாகவே போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள். மூன்றும் வேறு வேறு.

பதிவுகளில் உங்கள் ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லுவேன். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது எழுதிய ஸ்கிரிப்ட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் முதலாளி. ஆலோசகராக எழுதியது என்றால் எழுத்து உங்களுடையது, எழுத்துபூர்வமாக மாற்றிக் கொடுத்திருந்தால் தவிர. கவனித்தீர்களா, இங்கே 'ஊழியர்' என்று வாதாடினால் ஸ்கிரிப்ட் கையை விட்டுப் போகிறது. 'ஆலோசகர்' என்றால் பி.எஃப். போகிறது. இரண்டு படகிலும் கால் வைக்க முடியாது. எனக்கு பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும்தான் பெரிது. மூன்று வருடத்துக்கு முந்தைய காலைக் கலகலப்பை யாரும் திரும்பக் கேட்கப்போவதில்லை, நீங்கள் புதிதாகப் பேசுவதைத்தான் கேட்பார்கள். எப்படிப் பார்த்தாலும் ஒலிப்பதிவு அதைத் தயாரித்த நிலையத்துடையது. ஒலிபரப்புக்கு அவர்களுக்கு 25 வருட உரிமையும் உண்டு. பென் டிரைவில் நீங்கள் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்ன ஏர் செக்குகளை, அதாவது ஒலிபரப்பான நிகழ்ச்சிகளின் பதிவுகளை, வேலை தேடும்போது போட்டுக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யூடியூபில் ஏற்றாதீர்கள்.

ராக் ஸ்டேஷன் காலை நிகழ்ச்சியால் உலகப் புகழ் பெற்ற ஹோவர்ட் ஸ்டெர்னுக்கும் இதேதான் நடந்தது. 2006 ஜனவரியில் அவர் செயற்கைக்கோள் வானொலிக்கு மாறினார். ஐந்து வருடத்துக்கு 50 கோடி டாலர் ஒப்பந்தம். அப்படிப்பட்டவரின் பழைய நிகழ்ச்சி நாடாக்களே பழைய நிறுவனத்திடம்தான் இருந்தன. அந்த நிறுவனம் அவர் மேல் போட்ட வழக்கு சமரசமானபோது, புதிய நிறுவனம் 20 லட்சம் டாலர் கொடுத்துத்தான் அந்த நாடாக்களுக்கு உரிமை வாங்கியது.

நிகழ்ச்சியின் யோசனைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உண்டு என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லியாயிற்று. காலை ஏழரைக்கு ஒரு மீன்காரம்மாவை ஃபோனில் கூப்பிட்டு அன்றைக்கு என்ன மீன் வந்தது என்று கேட்பீர்களே, அதைத் தாராளமாகத் தொடருங்கள். நிகழ்ச்சியின் தலைப்பு, ஜிங்கிள், பின்னணி இசையைத் தொடாதீர்கள்.

பெயர் விஷயத்தில் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. அது கொயர் மாஸ்டர் வைத்த பட்டப்பெயர், நிலையத்தில் சேர்வதற்கு முன்பே ஊரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்கிறீர்கள். அந்தப் பெயர் அச்சான 2009 கிறிஸ்மஸ் கேரல் நோட்டீஸ் ஒன்று அம்மாவின் பைபிளுக்குள் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது போகிற போக்கில் சொல்லும் விஷயமே இல்லை. வணிகக் குறிச் சட்டத்தில் முன்பிருந்தே பயன்படுத்தி வருபவருக்குப் பாதுகாப்பு உண்டு. நிலையம் அந்தப் பெயரைப் பதிவு செய்திருக்கிறதா என்று வணிகக் குறிப் பதிவகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

குரல் பற்றிய பிரிவுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைத்தது. 'இனி வரப்போகும் எந்தத் தொழில்நுட்பமும்' என்றால், உங்கள் பதினோரு வருடப் பதிவுகளை ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவிக்குக் கொடுத்து, நீங்கள் பேசாததை உங்கள் குரலில் பேசவைக்கலாம் என்று அர்த்தம். நீங்கள் வீட்டில் இருப்பீர்கள், உங்கள் குரல் அங்கே விளம்பரம் படித்துக்கொண்டிருக்கும். பாடகர் அரிஜித் சிங்கின் குரலை இப்படி நகலெடுத்ததை 2024இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடுத்தது. அதற்கு முன்பே, 2015இல், ரஜினிகாந்தின் பெயரையும் பேசும் பாணியையும் அனுமதியில்லாமல் எடுத்தாள முடியாது என்று நம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அவர்கள் பெரிய நட்சத்திரங்கள், நமக்கு அந்த அளவு பிடி இருக்குமா என்று கேட்கலாம். அந்தக் கேள்வியே எழாமல் இருக்கத்தான் கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறேன். நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் எந்த நீதிமன்றத்தில் போய் என்ன சொல்வது?

ராக் காலை நிகழ்ச்சி

வேலை மாறியதற்காக உங்களை யாரும் உள்ளே போட முடியாது. அது சிவில் விவகாரம். நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு. அதை உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள்: "முப்பது செகண்டுக்குள் போட்டால் காப்பிரைட் இல்லை என்று நண்பன் சொன்னான்."

அப்படி ஒரு விதி நம் சட்டத்தில் கிடையாது. ஒரு பாட்டை விமர்சிக்கும்போது நியாயமான அளவுக்குக் காட்டலாம் என்று இருக்கிறது. விநாடிக் கணக்கு எங்கேயும் இல்லை. காலை நிகழ்ச்சியில் பாட்டுப் போடுவது விமர்சனமும் ஆகாது. தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. அது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் விடமுடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் பழைய நிலையம் பாட்டுப் போட்டபோது அதற்கான கட்டணத்தை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். வானொலிகளுக்குச் சட்டம் ஒரு சலுகை உரிமம் வைத்திருக்கிறது. அது இணைய ஒலிபரப்புக்குப் பொருந்தாது என்று 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2022இல் மேல் அமர்வும் அதையே உறுதி செய்தது. ஆகவே இணையத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒலிப்பதிவுக்கு ஒரு அனுமதி, வரிகளுக்கும் மெட்டுக்கும் ஒரு அனுமதி வேண்டும். பழைய ராக் பாட்டுதானே என்றும் விடமுடியாது. 1969இல் வெளிவந்த இசைத்தட்டின் பதிவுக்கு இங்கே 2029 முடியும்வரை உரிமை இருக்கிறது.

அப்படியானால் கனவை மூட்டை கட்ட வேண்டுமா? வேண்டாம். இணைய நிகழ்ச்சியில் உங்களுக்கு ஒரு சொத்து இருக்கிறது, அதை நீங்களே பார்க்கவில்லை. நம் மாவட்டத்தில் எந்தத் திருச்சபைக்குப் போனாலும் கிட்டார், டிரம்ஸ், கீபோர்டோடு நாலு பிள்ளைகள் நிற்கிறார்கள். டிசம்பர் வந்தால் தெருத் தெருவாகக் கேரல் போகிறார்கள். சொந்தமாகப் பாட்டு கட்டி ஃபோனில் வைத்திருப்பவர்களை எனக்கே தெரியும். எல்லைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்திலிருந்து அவியல் போன்ற ஒரு மலையாள ராக் குழு வந்து நாடு முழுக்கப் பேர் வாங்கியது. இந்தப் பிள்ளைகளின் சொந்தப் பாடல்களைப் போடுங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கத்தில் அனுமதி வாங்குங்கள்: எந்தப் பாடல், எங்கே, எத்தனை வருடம், பணம் உண்டா இல்லையா. வருடத்தை எழுத மறக்காதீர்கள். எழுதாமல் விட்டால் உரிமை மாற்றம் ஐந்து வருடத்துக்கு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பெரிய குழுக்களைப் பற்றிப் பேசுங்கள், கதை சொல்லுங்கள். கேட்க விரும்புகிறவர் அவரவர் செயலியில் போட்டுக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆனால் வீட்டுக் கடனை இதில் வைத்துக் கட்ட முடியாது தம்பி. இந்தியாவில் ராக்குக்கென்றே ஒரு சேனல் வைத்திருந்த வேர்ல்ட்ஸ்பேஸ் செயற்கைக்கோள் வானொலி 2009 டிசம்பர் 31 அன்று இங்கே மூடப்பட்டது. இசை நன்றாக இருந்தது, நடத்தப் பணம் இல்லை. முதல் ஆறு மாதம் வாரம் ஒரு நிகழ்ச்சி போதும். கூடவே வேறு வருமானம் பாருங்கள். விளம்பரக் குரல், நிகழ்ச்சித் தொகுப்பு, கல்லூரிகளில் ஊடகப் பயிற்சி எல்லாம் உங்களால் முடியும். நாட்டின் முதல் உள்ளூர் வானொலியாக 1984இல் தொடங்கிய நிலையம் நம் நாகர்கோவிலில்தான் இருக்கிறது. அங்கே பகுதிநேர அறிவிப்பாளர்களைக் குரல் தேர்வு வைத்து எடுப்பார்கள், அறிவிப்பைக் கவனித்துக்கொண்டிருங்கள். தனியார் பண்பலைக்குப் புதிதாக 234 ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட 2024 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அனுபவமுள்ள காலை நேரக் குரலுக்குத் தேவை வரும். சமுதாய வானொலியைத் தனி ஆள் தொடங்க முடியாது. கல்லூரிகள், மூன்று வருடமாவது பதிவில் இருக்கிற தொண்டு அமைப்புகள் தொடங்கலாம். அப்படி ஒரு கல்லூரி கூப்பிட்டால் போங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். நேயர்களின் 900 எண்கள் உங்கள் ஃபோனில் இருக்கின்றன, எல்லோருக்கும் ஒரே செய்தி தட்டிவிடுவேன் என்கிறீர்கள். அவர்கள் எண்ணைக் கொடுத்தது நிலையத்தின் போட்டிக்கும் நேயர் விருப்பத்துக்கும். அதை எடுத்து உங்கள் தொழிலுக்குப் பயன்படுத்தினால், ரகசியத்தைக் களவாடினார் என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைக்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்போது வந்துவிட்டது. நேயர்கள் உங்களைத் தேடி வரட்டும். வருவார்கள். காலை பஸ்ஸில் டிரைவர் எஃப்.எம். போடும்போது, இன்றைக்கு அந்தத் தம்பியைக் காணோமே என்று கேட்கிற ஆட்கள் இருப்பார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: "விலக்கல் கடிதத்தை எழுத்தில் தாருங்கள், பதினோராவது பிரிவின்படி முன்னறிவிப்புத் தொகையையும் சட்டப்படியான மற்ற பாக்கிகளையும் தாருங்கள், நான் விலகவில்லை" என்று மின்னஞ்சல். அவர்கள் ஏதாவது தொகையைக் கணக்கில் போட்டால் திருப்பி அனுப்ப வேண்டாம். "என் மற்ற உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி பதில் போடுங்கள். மனைவியிடம் கடிதத்தின் முழு வாசகத்தையும் காட்டிவிடுங்கள், இதுவரை காட்டவில்லை என்று தெரிகிறது. இரவுப் பணி முடிந்து வரும் ஒரு நர்ஸுக்கு இதைத் தாங்கும் தெம்பு உண்டு. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் இலவச சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது 2014 நியமனக் கடிதம், 2019 முதல் எல்லா ஒப்பந்தங்கள், படிவம் 16ஏ, பி.எஃப். பாஸ்புக், அந்த ஃபோன், எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அம்மாவின் பைபிளிலிருக்கிற கேரல் நோட்டீஸையும் மறக்க வேண்டாம். கிழிந்துவிடும் என்று பயந்து லேமினேட் பண்ணிவிடாதீர்கள். மூலத் தாளாகவே பார்க்க வேண்டியிருக்கும். ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுபோனால் போதும்.